கோட்டை தெரியும், கோட்டே தெரியுமா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பின்னேரம் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் வீட்டில் உம்மாவிடமோ, ராத்தாவிடமோ, அக்காவிடமோ ஒரு தரம் காட்டுங்கள். இதை எழுதுவதே அவர்களுக்காகத்தான்.

வெள்ளவத்தையில் நின்று "கோட்டைக்குப் போகணும்" என்று சொன்னால், யாரும் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸைக் காட்டிவிடுவார்கள். ரயில் என்றால் கோட்டை ஸ்டேஷன். அங்கே இறங்கிப் பார்த்தால் கோட்டை ஒன்றும் இல்லை. போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் திருத்திக் கட்டினார்கள், ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பெயர்தான்.

ஆனால் அதை விடப் பழைய கோட்டை ஒன்று, மதிலோடும் அகழியோடும், காட்டோடும் குளத்தோடும், வெள்ளவத்தையில் இருந்து காலை நேரத்தில் அரை மணித்தியாலப் பயணத்தில் இருக்கிறது. அதுதான் கோட்டே. சிங்களத்தில் கோட்டே, தமிழில் கோட்டை, இரண்டும் ஒரே சொல். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு "இலங்கையின் தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே" என்று படித்துக் கொடுத்திருக்கிறோம். நாங்கள் ஐந்து டீச்சர்மாரும் அந்த மண்ணில் ஒரு தரமாவது காலாற நடந்ததில்லை, 2017 வரைக்கும்.

எங்களை நடக்க வைத்தது ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்.

எங்களோடு மனைப்பொருளியல் படிப்பித்த ராத்தா ஒருவர். பெயர் வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் வட்டிலப்பம் அவர் வீட்டில் இருந்துதான் வரும். சீனி வருத்தம் பதினைந்து வருஷமாக இருந்தது. மருந்து போடுவார், சில நாள் மறப்பார். கிளினிக் நாளில் பாடம் இருந்தால் கிளினிக்கை விடுவார், பாடத்தை விட மாட்டார். ஒரு நாள் காலில் சின்னக் காயம். சப்பாத்து உரசியது என்றார். காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் நோவும் தெரியவில்லை. நோவு தெரிந்திருந்தால் நேரத்தோடு டொக்டரிடம் போயிருப்பார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

பார்க்கப் போனோம். என்ன சொல்வது என்று தெரியாமல் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினோம். ராத்தாதான் அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அழுது என்ன செய்ய? கால் ஈக்கிற நேரமே நடந்துக்கோங்க" என்றார்.

அன்று வீடு திரும்பும்போது ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொண்டோம். ஐந்து பேரில் மூன்று பேருக்கு சீனி. ஒருவருக்கு பிரஷர். மிச்சம் ஒருவர் பயத்தில் இன்னும் இரத்தமே பரிசோதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நிற்கிறோம்தானே, அதுவே போதும் என்று நினைத்திருந்தோம். நிற்பது வேறு, நடப்பது வேறு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்களுக்கு 15 நிமிடமே தேறாது.

கிழமை நாட்களில் சுபஹ் தொழுதுவிட்டு மெரைன் டிரைவில் நடக்கத் தொடங்கினோம். ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். நல்ல காற்று. ஆனால் அது வெள்ளவத்தை. நூறு அடிக்கு ஒரு தெரிந்த முகம். "டீச்சர் எங்க போறீங்க?" "தனியாவா?" "அவர் வரல்லையா?" பதில் சொல்லியே மூச்சு வாங்கியது. கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் எங்கள் டீச்சருக்கோ காலிமுகத்திடல்தான் பக்கம். அங்கேயும் ஓடுவதற்குக் கூச்சம். அபாயா போட்ட மூன்று பேரும், சுடிதார் போட்ட இரண்டு பேரும், நாற்பதைத் தாண்டிய வயதில் பாதையில் ஓடினால் ஊர் என்ன சொல்லும்?

அப்போதுதான் எங்கள் வரலாறு டீச்சர் சொன்னார்: "சனிக்கிழமையில கோட்டேக்குப் போவோம். அங்க எங்களத் தெரிஞ்ச யாரும் இல்ல."

அப்படித்தான் தொடங்கியது. வீரமெல்லாம் இல்லை, ஒளிந்து ஓடப் போனோம்.

எங்கள் பாதை இதுதான். பிட்ட கோட்டே சந்தியில் இறங்குவோம். அங்கே பழைய கல் அம்பலம் ஒன்று இருக்கிறது, முன்பு வழிப்போக்கர் தங்கிப் போன இடம். சிங்களத்தில் 'பிட்ட' என்றால் வெளியே, 'எத்துல்' என்றால் உள்ளே. பிட்ட கோட்டே கோட்டைக்கு வெளியே, எத்துல் கோட்டே கோட்டைக்கு உள்ளே. இத்தனை வருஷம் பஸ் போர்டில் பார்த்த பெயர்கள், அன்றைக்குத்தான் அர்த்தம் விளங்கியது. நாங்கள் வெளியில் இருந்து உள்ளே ஓடுகிறோம்.

அங்கிருந்து பெத்தகானைப் பக்கம் திரும்பினால் பழைய அகழியும் மதிலின் மிச்சமும். மதில் கபுக்கல்லால் கட்டியது, வீடு கட்ட எங்கள் வாப்பாமார் வாங்கிய அதே சிவந்த கல். பாசியும் வேரும் பிடித்து, பார்த்தால் மண்மேடு போல இருக்கும். வீடுகளுக்கு நடுவில் சும்மா கிடக்கிறது.

இதை 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியவர் அழகக்கோனார் என்ற அமைச்சர், சிங்களத்தில் அலகேஸ்வர. இடத்தை அவர் தெரிந்தெடுத்த விதத்தை வரலாறு டீச்சர் கையால் காற்றில் வரைந்து காட்டினார். மூன்று மூலையான நிலம். இரண்டு பக்கமும் தியவன்னா ஓயாவும் சதுப்பும். படை வந்தால் சேற்றில் புதையும். தரை வழி தெற்கில் மட்டும்தான். அந்த ஒரு பக்கத்தை வெட்டி அகழி ஆக்கி, மதில் எழுப்பினால் போதும். தண்ணீர்தான் முதல் காவல்.

"யாரைத் தடுக்கக் கட்டினது?" என்று விஞ்ஞான டீச்சர் கேட்டார்.

"யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை."

விஞ்ஞான டீச்சருக்கு ஊர் யாழ்ப்பாணம். நின்று மதிலைப் பார்த்தார். "அப்ப எங்கட ஆக்களைத் தடுக்கக் கட்டின மதிலைச் சுத்தித்தான் நான் சீனி குறைக்க ஓடுறன்?" என்றார். அன்று சிரித்த சிரிப்பில் பாதி தூரம் ஓட முடியவில்லை.

பிறகு ஆறாம் பராக்கிரமபாகு கோட்டேயைத் தலைநகராக வைத்து ஆண்டார். அவர் அனுப்பிய சப்புமல் குமாரயா, தமிழில் செண்பகப் பெருமாள், யாழ்ப்பாணத்தையும் பிடித்தார். எங்கள் ஆட்கள் அப்போது எங்கே என்று கேட்கிறீர்களா? அதற்கும் முன்னாலேயே இங்கே இருந்தார்கள். 1344இல் இப்னு பதூதா இந்தத் தீவுக்கு வந்தபோது, கொழும்பையும் பார்த்து எழுதி வைத்துப் போயிருக்கிறார். கோட்டே மன்னர் காலத்தில் கறுவா ஏறியது கொழும்புத் துறையில். அந்த வியாபாரம் பெரும்பாலும் முஸ்லிம்களின் கையில்.

பறங்கி வந்தது 1505இல். இதில் ஒரு கதை எல்லாச் சிங்கள வீட்டிலும் தெரியும். மன்னரைப் பார்க்க வந்த போர்த்துக்கேயத் தூதுவரை நேர் வழியில் கூட்டிப் போகாமல், காடும் மேடும் சுற்றி மூன்று நாள் நடக்க வைத்தார்களாம். தலைநகரம் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கம் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாதே. இன்றைக்கும் யாராவது சுற்றி வளைத்துப் போனால் "பறங்கியா கோட்டே கியா வகே" என்பார்கள், பறங்கி கோட்டேக்குப் போன மாதிரி. தந்திரம் நீடிக்கவில்லை. 1565இல் போர்த்துக்கேயர் கோட்டேயைக் கைவிட்டு, மன்னரையும் கூட்டிக்கொண்டு கொழும்புக் கோட்டைக்குள் போய்விட்டார்கள். தலைநகரம் காடானது. அந்தக் காட்டில்தான் நாங்கள் ஓடுகிறோம்.

அகழியைத் தாண்டினால் பெத்தகான ஈரநிலப் பூங்கா. 2016இல் திறந்தது. உள்ளே நுழைய டிக்கெட் உண்டு. சதுப்புக்கு மேலால் பலகைப் பாதை போகிறது. அதில் ஓட வேண்டாம், பனியில் வழுக்கும். நடக்கலாம். இரண்டு பக்கமும் அன்னமுன்னா போலக் காய்க்கும் மரங்கள் தண்ணீரில் நிற்கும். அழகாக இருக்கிறதே என்றோம். விஞ்ஞான டீச்சர் தலையை ஆட்டினார். அது வெளிநாட்டில் இருந்து வந்து சதுப்பை மூடிப் பரவுகிற மரமாம், இங்குள்ள புல்லையும் செடியையும் வளர விடாதாம். நீர்க்காகம், மீன்கொத்தி, நாரை எல்லாம் காலையில் நிச்சயம். கபரகொய்யா குறுக்கே போனால் நின்று வழி விடுங்கள், அதற்கு அவசரம் கிடையாது. மீன்பிடிப் பூனையும் இந்தச் சதுப்பில் இருக்கிறது. சிறுத்தைக்குட்டி போலப் புள்ளி போட்டது, தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும். இரவில்தான் நடமாடும். அதனால் நாங்கள் ஒரு தரமும் கண்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு சனியும் தேடுவோம்.

பூங்காவை விட்டு எத்துல் கோட்டேக்குள் போய், அலகேஸ்வர வீதிப் பக்கம் பழைய கட்டடத்தின் அடித்தளத்தைப் பார்த்துவிட்டு, தியவன்னா ஓரத்துக்கு வந்தால் எதிரே தண்ணீருக்கு நடுவில் பாராளுமன்றம். ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, 1982இல் திறந்தது. சதுப்பைத் தோண்டித்தான் சுற்றிலும் அந்த ஏரியை உண்டாக்கினார்கள். கடைசியில் தியத்த உயனவில் போய் உட்காருவோம். ஓட்டமும் நடையுமாக, கதையும் சேர்த்தால், இரண்டு மணித்தியாலம். நேர் வழியில் போனால் சீக்கிரம் முடிந்துவிடும். எங்களுக்கு பறங்கி போன வழிதான் வேண்டும். சுற்றினால்தான் சீனி குறையும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இது வெறும் ஓடும் இடம் இல்லை. விஞ்ஞான டீச்சர் ஒரு நாள் கேட்டார்: "இந்தத் தண்ணி எங்க போகுது தெரியுமா?" எங்களுக்குத் தெரியவில்லை. கிருலப்பனைக் கால்வாயால் வந்து ஒரு பங்கு வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழுகிறது. வடக்கே போகும் பங்குக்கு கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரம். அப்படியென்றால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் கால்வாய், இந்த மன்னர்களின் அகழியோடு ஒட்டிய தண்ணீர்தான். மழை பெய்தால் கொழும்பின் வெள்ளத்தை முதலில் வாங்கி வைத்துக்கொள்வது இந்தச் சதுப்பு. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சதுப்பை நிரப்பி நிரப்பி வீடு கட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

நிரப்பியது மண்ணால் மட்டும் இல்லை. கொலன்னாவைச் சதுப்பின் ஓரத்தில் மீத்தொட்டமுல்லையில் கொழும்பின் குப்பையை மலையாகக் கொட்டினோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, அது சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் குப்பையில் எங்கள் வீட்டுக் குப்பையும் இருந்தது. அடுத்த வருஷம், 2018 ஒக்டோபரில், உலகில் 18 நகரங்களுக்கு ராம்சார் மாநாட்டில் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதில் கொழும்பும் ஒன்று. இரண்டு செய்தியும் ஒரே சதுப்பைப் பற்றித்தான்.

இனி, எழுத யோசித்த பகுதி.

முதல் சில கிழமைகள் எங்களைப் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அபாயாவோடு ஓடினால் பார்ப்பார்கள்தானே. பிறகு பழகிவிட்டது. தினமும் அங்கே நடக்கும் வயதான சிங்கள ஐயா ஒருவர், கையில் குடையோடு, எங்களைக் கண்டால் "மிஸ்லா" என்று தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் பழக்கம்.

2019 ஏப்ரல் 21 வந்தது. எங்கள் கொட்டாஞ்சேனை டீச்சர் கத்தோலிக்கர். கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோவில் அவர் வீட்டுக்குப் பக்கம். அன்று காலை அவர் முதல் பூசைக்குப் போய்த் திரும்பியிருந்தார். அவருக்குத் தெரிந்தவர்கள் சிலர் திரும்பவில்லை.

எங்களில் மூன்று பேருக்கும் அவருக்குப் போன் எடுக்க வெட்கமாக இருந்தது. செய்தது நாங்கள் இல்லை. ஆனாலும் என்ன முகத்தோடு பேசுவது? மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தோம். நாலாம் நாள் அவரே எடுத்தார். "ஏன் ஒருத்தரும் எடுக்கேல்ல? எனக்கு ஒண்டும் ஆகேல்லயோ எண்டு கேக்க மாட்டீங்களா?" என்று ஏசினார். அந்த ஏச்சுக்கு இன்றுவரை நன்றியாக இருக்கிறோம்.

நோன்பு முடியும் வரைக்கும் நடக்கப் போகவில்லை. வெளியே போகப் பயம், பஸ்ஸில் ஏறப் பயம். பெருநாளுக்குப் பிறகு கொட்டாஞ்சேனை டீச்சர்தான் பிடிவாதம் பிடித்தார். "நான் வாறன், நீங்க வர மாட்டீங்களா?" போனோம். ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டு நடந்தோம். எதிரே வந்த ஒரு பெண் எங்களைக் கண்டு பாதையின் மறுபக்கம் போனார். அது நெஞ்சில் குத்தியது, பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அவர் பயத்தையும் குறை சொல்ல முடியவில்லை.

அகழிப் பக்கம் குடையோடு ஐயா நின்றார். "கோ மிஸ்லா, தவஸ் கானக் ஆவே நேனே" என்றார். எங்கே மிஸ்மாரே, எத்தனையோ நாளாக வரவில்லையே. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நடந்து போய்விட்டார். நாங்கள்தான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

அதற்குப் பிறகு கொரோனா ஊரடங்கு வந்தது, 2022இல் பெற்றோல் இல்லாத காலம் வந்தது. இடையிடையே நின்றது, திரும்பவும் தொடங்கியது. ஒளிந்து ஓடப் போன இடத்தில் இன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் பெண்கள் சிலர் கேட்கிறார்கள், பெண் பிள்ளைகள் ஓடலாமா என்று. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி ஓடிய ஹதீஸ் நமக்குத் தெரியும். முதல் முறை அன்னையவர்கள் முந்தினார்கள். பிறகு உடம்பு வைத்த காலத்தில் நபியவர்கள் முந்தினார்கள். இதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல? ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணியை நீங்கள் ஊற்றிக்கொள்ளுங்கள்.

வர நினைப்பவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை:

சீனி வருத்தம் உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். ஊசி போடுபவர்கள் வெறும் வயிற்றில் ஓட வேண்டாம். பையில் இரண்டு டொபி வைத்திருங்கள்.

செருப்போடு வர வேண்டாம். அளவான சப்பாத்து, பருத்திச் சொக்ஸ். வீட்டுக்குப் போனதும் பாதத்தைப் பாருங்கள், விரலிடுக்கையும் பாருங்கள். நோவு தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

அபாயா என்றால் கால் தட்டாத அளவு உயரம், மெல்லிய துணி. முதல் மாதம் நடை மட்டும். பிறகு ஒரு விளக்குக் கம்பத்தில் இருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அடுத்தது நடை.

தனியே வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒரு சந்தோஷம். போன மாதம் ராத்தா வந்தார். செயற்கைக் கால் போட்டுப் பழகி, ஊன்றுகோலோடு. பூங்கா வாசலில் இருந்து முதல் வாங்கு வரை நடந்தார். நாங்கள் இரண்டு நிமிடத்தில் கடக்கும் தூரம். அவருக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இடையில் பிடிக்கப் போனோம், கையைத் தட்டிவிட்டார். வாங்கில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துவிட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வரலாறு டீச்சர் பறங்கி கதையைச் சொன்னார்.

"பறங்கிக்கு மூணு நாள் எடுத்திச்சாம், எனக்கு அரை மணித்தியாலம்தானே" என்றார் ராத்தா.

அடுத்த சனிக்கிழமையும் போகிறோம், இன்ஷா அல்லாஹ். சுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வரும் நேரம், பிட்ட கோட்டே அம்பலத்தடியில் நிற்போம். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, எந்தப் பக்கம் இருந்தும் வாருங்கள். எந்த மதமும் பரவாயில்லை, எந்த வயதும் பரவாயில்லை.

ராத்தாவின் சுகத்துக்கு துஆ செய்யுங்கள். கால் இருக்கும்போதே நடந்துகொள்ளுங்கள்.